கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது, ஒப்பந்தத் தொகை ஏன் மாறுகிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உங்கள் பேரூராட்சியையும் சுற்றியுள்ள எண்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளையும் சேர்த்து ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம். 24 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று பணி ஆணை. இப்போது ஐந்தாம் ஆண்டு நடக்கிறது. மூன்று முறை கால நீட்டிப்பு, இரண்டு முறை தொகை உயர்வு. தெருவில் குழாய் பதித்து மூடியாயிற்று, மேல்நிலைத் தொட்டியும் வெள்ளையடித்து நிற்கிறது, தண்ணீர்தான் வரவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறீர்கள். ஒப்பந்ததாரரை நீக்கிவிட்டு வேறொருவரிடம் கொடுத்தால் சீக்கிரம் முடியுமா என்றும் கேட்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவது கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் தொகை எப்படி மாறலாம், அது திருட்டா? அதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அரசுக் குடிநீர்த் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். மதிப்பீடு தயாரித்திருக்கிறேன், பள்ளத்தில் இறங்கி அளவெடுத்திருக்கிறேன், கால நீட்டிப்புக்குப் பரிந்துரை எழுதியிருக்கிறேன், அதே பரிந்துரையை மறுத்தும் எழுதியிருக்கிறேன். குழாய், தொட்டி, நீரேற்று நிலையம் ஆகியவைதான் என் அனுபவம். சுத்திகரிப்பு நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை போன்றவற்றில் நான் நேரடியாக வேலை பார்த்ததில்லை. உங்கள் திட்டத்தின் கோப்பை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் ஒப்பந்ததாரர் நேர்மையானவரா, உங்கள் பொறியாளர் நேர்மையானவரா என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். குடிநீர்த் திட்டத்தின் தாமதத்தில் பெரும்பகுதி, பணி ஆணை கொடுப்பதற்கு முன்பே விதைக்கப்பட்டுவிடுகிறது. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் மதிப்பீடு போடுவதும், நிலம் கையில் வராமல் ஒப்பந்தப்புள்ளி கோருவதும், அனுமதி வாங்காமல் தேதி குறிப்பதும்தான் வேர். நிதி வரப்போகிறது, இந்த மாத இறுதிக்குள் திட்ட அறிக்கை வேண்டும் என்று மேலிருந்து கடிதம் வரும். உதவிப் பொறியாளர் இருசக்கர வாகனத்தில் சாலையோரமாகப் போய் நீளத்தைக் குறித்துக்கொள்வார். பக்கத்து ஒன்றியத்தில் போன திட்டத்துக்குப் போட்ட மண் விகிதத்தையே இதற்கும் எழுதுவார். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை.

அதன் விளைவு என்ன என்று ஒரு கணக்கோடு காட்டுகிறேன். வட மாவட்டம் ஒன்றில் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு 600 மில்லிமீட்டர் டி.ஐ. குழாய் (ஒருவகை வார்ப்பிரும்புக் குழாய்) பதிக்கும் வேலை. பள்ளம் 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் ஆழம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.16 கனமீட்டர், மொத்தம் 19,440 கனமீட்டர். மதிப்பீட்டில் அதில் பத்து சதவீதம், அதாவது 1,944 கனமீட்டர், கடும்பாறை என்று எழுதியிருந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் பொக்லைன் வாளியின் பற்கள் பாறையில் உரசி நெருப்புப் பொறி பறந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே இரண்டடி செம்மண், அதற்குக் கீழே ஒரே கருங்கல். வீடுகள் பக்கத்தில் இருந்ததால் வெடி வைக்க முடியாது, உடைக்கும் இயந்திரம்தான். நாளொன்றுக்கு எண்பது மீட்டர் போய்க்கொண்டிருந்த வேலை பன்னிரண்டு மீட்டருக்கு இறங்கியது. முடிவில் கடும்பாறை நாற்பது சதவீதம், 7,776 கனமீட்டர். மண் தோண்டும் விலைக்கும் பாறை உடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் 5,832 கனமீட்டருக்கு ஒப்பந்தத்தில் ஏறியது. யாரும் ஒரு ரூபாயும் திருடவில்லை. நூறு மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி போட்டிருந்தால் தொண்ணூறு குழிகள், ஒரு பொக்லைனுக்கு ஒரு வார வேலை. அந்த ஒரு வாரத்தைச் சேமித்ததற்கு ஒன்றரை ஆண்டு கொடுத்தோம்.

தொட்டி கட்டும் இடத்திலும் இதே கதைதான். மூன்று லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு, ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள புறம்போக்கு என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தோம். அடையாளமிடப் போன அன்று கிராம நிர்வாக அலுவலர் ஊரின் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டைத் திறந்து காட்டினார்: அது குளம் புறம்போக்கு. நீர்நிலை நிலத்தில் கட்டடம் எழுப்ப நீதிமன்றங்கள் இடம் கொடுப்பதில்லை, அது சரியும்கூட. மாற்று இடம் 400 மீட்டர் தள்ளிக் கிடைத்தது, ஆனால் தரை மூன்றரை மீட்டர் தாழ்வு. தெருக்கோடி வீட்டுக்குப் பழைய அழுத்தத்தில் தண்ணீர் போக வேண்டுமானால் தொட்டியில் நீர் நிற்கும் மட்டம் மாறக்கூடாது. ஆகவே 12 மீட்டர் உயரத் தூண்கள் பதினைந்தரை மீட்டர் ஆயின. புதிய வடிவமைப்பு, புதிய மண் தாங்குதிறன் சோதனை, கூடுதலாக 400 மீட்டர் குழாய், ஒப்பந்தத்தில் இல்லாத தூண் உயரத்துக்குப் புதிய விலை, அதற்கு மேலதிகாரியின் ஒப்புதல். ஏழு மாதம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது 'தொட்டியின் விலை கூடிவிட்டது' என்பது மட்டும்தான்.

அனுமதிகள் இன்னொரு பெரிய காரணம். மாநில நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே, வனத்துறை, மின்வாரியம் என்று ஒரு குழாய் ஐந்து துறைகளின் நிலத்தைக் கடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வரைபடம், கூட்டு ஆய்வு, கட்டண மதிப்பீடு, பணம் செலுத்துதல், அதன் பின்தான் அனுமதி. ரயில் பாதைக்கு அடியில் குழாயைத் தள்ளிப் பதிக்க வேண்டிய நாற்பது மீட்டருக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்த வேலை ஒன்று எனக்குத் தெரியும். பாதைக்கு இரு பக்கமும் குழாய் முடிந்து, மூடி, சாலையும் போட்டாயிற்று. மாதாந்தர அறிக்கையில் 99 சதவீதம் என்று எழுதினோம். கட்டடத்தில் 99 சதவீதம் முடிந்தால் குடியேறிவிடலாம். குழாயில் ஒரு மீட்டர் குறைந்தாலும் மறுமுனையில் இருப்பது காற்றுதான். முன்னேற்றத்தைச் சதவீதத்தில் சொல்வதே இந்தத் துறையில் ஏமாற்றும் பழக்கம் என்று நான் நினைக்கிறேன். எந்த ஊர் வரை தண்ணீர் வந்தது என்று சொல்லட்டும்.

நீங்கள் முதல் ஆண்டிலேயே சாலையோரம் குழாய்கள் குவிந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான குழாய்த் திட்டங்களில் தொகையில் பாதிக்கு மேல் குழாயின் விலைதான். குழாய் வந்து இறங்கியதும் அதன் விலையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. ஆகவே ஒப்பந்ததாரர் குழாயை முதலில் இறக்குவார், பணம் வரும். வால்வு, இணைப்பு, நீரழுத்தச் சோதனை, சாலைச் சீரமைப்பு போன்றவற்றில் உழைப்பு அதிகம், பணம் குறைவு. அங்கே வந்ததும் ஆட்கள் குறைவார்கள். சென்னைவாசிகளில் வயதானவர்களைக் கேளுங்கள், வீராணம் குழாய்களைப் பற்றிச் சொல்வார்கள். வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவர 1960-களின் கடைசியில் தொடங்கிய முதல் திட்டம் எழுபதுகளில் கைவிடப்பட்டது. ஆள் நுழையும் அளவுள்ள அந்தப் பெரிய குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரம் கிடந்தன, அவற்றுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. வீராணத்திலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குத் தண்ணீர் வந்தது 2004-ல், புதிதாகப் போட்ட திட்டத்தில்.

தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்பது முடிவாகாமல் தொடங்கும் திட்டங்களின் தாமதம் தனி ரகம். அதை ஒப்பந்ததாரராலும் பொறியாளராலும் சரிசெய்ய முடியாது. சென்னையின் குடிநீருக்காகக் கிருஷ்ணா நீரில் ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) விட்டுக்கொடுக்க மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஒப்புக்கொண்டது 1976-ல். தமிழ்நாடும் ஆந்திரமும் தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1983-ல். சென்னைக்கு நீர் தரும் பூண்டி ஏரிக்கு முதல் தண்ணீர் வந்தது 1996-ல். ஒகேனக்கல் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மக்களுக்கான திட்டம் அது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது 1,334 கோடி ரூபாய் என்றார்கள். இரண்டே மாதத்தில் கர்நாடகத்தின் எதிர்ப்பால் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் முடிந்து 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டபோது தொகை 1,928.80 கோடி.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு இலங்கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுவர ஆசிய அபிவிருத்தி வங்கி 2010-ல் கடன் ஒப்புதல் தந்தது. குளத்தை உயர்த்திக் கூடுதலாகத் தேங்கும் நீரை எடுப்பதுதான் யோசனை. தங்கள் வயலுக்கே போதாத நீர் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். குடாநாட்டில் கிணறுகள் மாசுபட்டுக் கிடந்ததால் யாழ்ப்பாணத்துக்கும் தேவை உண்மையானது. இரண்டு பக்கமும் தமிழர்கள், இரண்டு பக்கமும் நியாயம். கடைசியில் மூலத்தையே மாற்றி, யாழ்ப்பாண மாவட்டக் கடற்கரையில் உள்ள தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைப்பது என்று முடிவாகி, 2017-ல் மேலதிக நிதி ஒப்புதலாயிற்று. நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் திறனுள்ள அந்த நிலையம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. குழாயும் தொட்டியும் ஒரு மூலத்தை நம்பித் திட்டமிடப்பட்டு, வேறொரு மூலத்துக்காக மாற்றப்பட்டால் எத்தனை ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே விவசாயிகளைக் குறை சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். கேட்க வேண்டியவர்களை முதலிலேயே கேட்காததுதான் பிழை.

நிலம் பற்றியும் இதையே சொல்வேன். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம். 1,652 கோடியில் தொடங்கி 1,916 கோடியில் முடிந்தது. குழாய் செல்லும் பட்டா நிலங்களுக்கு இழப்பீடு பேசி முடிப்பதில் பல மாதங்கள் போயின. ஒரு விவசாயி ஒப்புக்கொள்ளாவிட்டால் அங்கே குழாய் நின்றுவிடும், அவருக்கு முன்னும் பின்னும் பத்து கிலோமீட்டர் பதித்திருந்தாலும்.

விலையும் வரியும் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. 2021, 2022 ஆண்டுகளில் இரும்பின் விலையும் பிளாஸ்டிக் குழாய்க்கான மூலப்பொருள் விலையும் ஏறியது எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 18 மாதத்துக்கு மேல் போகும் ஒப்பந்தங்களுக்குத்தான் விலை மாற்றப் பிரிவு என்கின்றன. குறுகிய கால ஒப்பந்தத்தில் அகப்பட்டவர் நட்டத்தில் வேலை செய்வதற்குப் பதில் வேலையை நிறுத்திவைப்பார். 2022 ஜூலை 18 முதல் அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செய்யும் ஒப்பந்தப் பணிகளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 சதவீதம் ஆயிற்று. உங்கள் திட்டத்தின் இரண்டு உயர்வுகளில் ஒன்று அந்தத் தேதியை ஒட்டி வந்திருந்தால், வெறும் வரியாகவே இருக்கலாம், சரிபாருங்கள். இன்னொன்று, முடித்த வேலைக்கு ஒப்பந்ததாரருக்கு வரவேண்டிய பட்டியல் பணம். அரசு பணம் கொடுக்கத் தாமதிப்பதால் வேலை நிற்பது, பேசப்படுவதைவிட மிக அதிகம். ஊரக வீடுகளுக்கெல்லாம் குழாய் இணைப்பு தரும் ஜல் ஜீவன் இயக்கம் 2019-ல் அறிவிக்கப்பட்டபோது 2024-ல் முடிய வேண்டும் என்றார்கள். 2025 நிதிநிலை அறிக்கையில் அதை 2028 வரை நீட்டித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பல மாநிலங்களில் ஒப்பந்ததாரர்கள் நிலுவைக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த இயக்கத்தால் ஒப்பந்தங்கள் மாறியதும் உண்டு. முன்பு ஊரகப் பகுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று வடிவமைத்தோம், பின்னர் 55 லிட்டர் ஆயிற்று. 37.5 சதவீதம் கூடுதல் நீர். தெருக்குழாய் என்று போட்டிருந்த இடமெல்லாம் வீட்டிணைப்பு. அதோடு விடுபட்ட குடியிருப்புகள் வந்து சேரும். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. அதை வைத்து முப்பது ஆண்டு வளர்ச்சியைக் கணித்து வடிவமைக்கிறோம். 2011-ல் இல்லாத ஒரு குடியிருப்பு 2020-ல் இருநூறு வீடுகளோடு நிற்கும். அந்த மக்கள் வந்து, குழாய் எங்கள் தெருமுனை வழியாகப் போகிறது, எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்பந்தம் மாறத்தான் செய்யும்.

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒப்பந்தத் தொகை என்பது, அளவுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு இனத்தின் (மண் தோண்டுதல், பாறை உடைத்தல் போன்ற ஒவ்வொரு வேலை வகையின்) உத்தேச அளவை விலையால் பெருக்கிக் கூட்டிய தொகை. உறுதியானது விலை, அளவு அல்ல. கடைசியில் உண்மையாகச் செய்த அளவுக்குத்தான் பணம். எனவே தொகை மாறுவது ஒப்பந்தத்தை மீறுவதாகாது, ஒப்பந்தமே அதற்கு வழி வைத்திருக்கிறது. எவ்வளவு மாறலாம் என்பதற்கும் எல்லை உண்டு. உலக வங்கி உதவியுடன் நம் நாட்டில் நடந்த பணிகளுக்கான ஒப்பந்த மாதிரியில், ஓர் இனத்தின் அளவு 25 சதவீதத்துக்கு மேல் மாறி, அந்த மாற்றம் ஒப்பந்தத் தொகையில் ஒரு சதவீதத்தையும் தாண்டினால் விலையை மறுபடி நிர்ணயிக்க வேண்டும். பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 1999 ஒப்பந்த மாதிரியில் பத்து சதவீதத்திலேயே அந்தக் கேள்வி எழுந்துவிடும், வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால். பட்டியலில் இல்லாத புதிய இனம் வந்தால் அதற்குத் துறையின் விலைவிகிதப் பட்டியலை வைத்து விலை கணக்கிட்டு, துணை உடன்படிக்கை எழுத வேண்டும்.

திருட்டு நடக்கும் இடமும் இந்த வழிதான். எனக்குத் தெரிந்த வகையில் மிகப் பழையது இது: எந்த இனத்தின் அளவு பின்னால் கூடும், எது குறையும் என்பது ஒப்பந்ததாரருக்கு முன்பே தெரிந்திருக்கும், அல்லது யாரோ சொல்லியிருப்பார்கள். கூடப்போகும் இனத்துக்கு அதிக விலையும் குறையப்போகும் இனத்துக்கு அற்ப விலையும் எழுதுவார். கூட்டுத்தொகையில் அவர்தான் குறைந்த புள்ளி, வேலை கிடைத்துவிடும். பின்னர் ஒவ்வொரு மாறுதலிலும் தொகை ஏறும். இரண்டாவது வகை, மூடிய பள்ளத்தில் பாறை. மண் போட்டு மூடிய பிறகு உள்ளே இருந்தது கல்லா மண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பாறையை வெளியே அடுக்கி, அடுக்கை அளந்து, இடைவெளிக்குக் கழிவு போட்டு, அன்றைய தேதியோடு அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது முறை. ஒரே நாளில், ஒரே பேனாவில், மூன்று மாத அளவுகள் எழுதப்பட்ட புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மூன்றாவது, பணி ஆணைக்குப் பிறகு குழாய் வகையை மாற்றுவது. அதற்கு நல்ல காரணமும் இருக்கலாம், ஆனால் மாற்றத்தால் விலை குறைந்திருக்க வேண்டிய இடத்தில் குறையாமல் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. ஐயமுள்ளவற்றையும் சொல்ல வேண்டும். தாமதத்துக்கு எந்தக் காரணம் எத்தனை சதவீதம் என்று வரிசைப்படுத்திக் காட்டும் ஆய்வுகளை நான் முழுதாக நம்புவதில்லை. அவை பெரும்பாலும் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்பவை. ஒப்பந்ததாரரைக் கேட்டால் பணம் வரவில்லை என்பார், துறையைக் கேட்டால் ஒப்பந்ததாரரிடம் ஆள் இல்லை என்பார்கள், ஆலோசகர் இருவரையும் சொல்வார். மூன்றும் உண்மையாக இருக்கலாம், வரிசை மட்டும் கேட்ட ஆளைப் பொறுத்து மாறும். மிகக் குறைந்த புள்ளிக்கே கொடுப்பதால்தான் எல்லாம் கெடுகிறது என்பதும் பரவலான கருத்து. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், மதிப்பாய்வில் தேறியவற்றில் குறைந்த புள்ளியைத்தான் ஏற்கச் சொல்கிறது. மதிப்பீட்டைவிட மிகத் தாழ்வாகப் போட்டு எடுத்தவர்கள் பாதியில் திணறியதைப் பார்த்திருக்கிறேன், அதே தாழ்வில் அருமையாக முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். குறைந்த புள்ளியை விட்டுவிட்டால் அதிகாரியின் விருப்பத்துக்குக் கதவு திறக்கும் என்ற அச்சம் எனக்கு அதைவிடப் பெரிது. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒருவரிடமே, ஒரே மொத்தத் தொகைக்குக் கொடுத்தால் மாறுதல் வராது என்பவர்களும் இருக்கிறார்கள். மாறுதல் எண்ணிக்கை குறைகிறது, உண்மை. ஆனால் சோதனைக் குழி போடாத பாறை அங்கேயும் பாறைதான், அதன் விலையை ஆரம்பத்திலேயே கூட்டிக் கேட்பார்கள் அல்லது பின்னால் வழக்கில் கேட்பார்கள்.

உங்கள் திட்டத்தில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க நீங்களே செய்யக்கூடியது உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப்போட்டு, கருத்துக் கேட்காமல் ஆவண நகல்களைக் கேளுங்கள். பணி ஆணைத் தேதியும், ஒவ்வொரு தொட்டி, நீரேற்று நிலைய இடமும் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்பட்ட தேதியும் முதலில் வேண்டும். பிறகு ரயில்வே, நெடுஞ்சாலை, மின்வாரியத்துக்கு விண்ணப்பித்த தேதி, பணம் கட்டிய தேதி, அனுமதி வந்த தேதி. கால நீட்டிப்பு ஆணைகளில், அபராதத்துடன் நீட்டித்தார்களா, அபராதம் இல்லாமலா என்று பாருங்கள். அபராதம் இல்லையென்றால், தாமதம் ஒப்பந்ததாரரின் தவறல்ல என்று துறை ஏற்றுக்கொண்டதாகப் பெரும்பாலும் அர்த்தம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, காலம் கடந்து செய்த வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே இழப்பீடு கேட்பேன் என்று தெரிவிக்காவிட்டால் பின்னால் கேட்க முடியாது. ஆகவே அந்த ஆணையின் ஒரு வரி பல கோடி பெறும். திட்ட அறிக்கையோடு இணைத்த மண் ஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால் முதல் தொகை உயர்வுக்கான காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். இன உயர்வு தாழ்வுகளைக் காட்டும் மாறுதல் அறிக்கையைக் கேட்டு, எந்த இனங்கள் ஏறின, அவற்றின் விலை மதிப்பீட்டு விலையைவிட அதிகமா என்று ஒப்பிடுங்கள். வணிக இரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள், அரசுப் பணத்தில் முடிந்த வேலையின் அளவில் இரகசியம் ஏதும் இல்லை.

கடைசியாக, ஒப்பந்ததாரரை நீக்கலாமா என்பது. அவர் தளத்தை விட்டே போய்விட்டிருந்தால் வேறு வழியில்லை. அப்படி இல்லையென்றால் நான் ஒப்ப மாட்டேன். நீக்குவதற்கு முறைப்படி அறிவிப்புகள், இருவரும் சேர்ந்து கடைசி அளவெடுப்பு, மிச்சமுள்ள குழாய்களைக் கணக்கெடுத்துக் காவல், வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கப் போனால் அவர் நீதிமன்றத்தில் தடை, மீதி வேலைக்கு இன்றைய விலையில் புதிய மதிப்பீடு, அதற்கு அனுமதி, பின்னர் ஒப்பந்தப்புள்ளி. இரண்டு கோடிக்கு மேற்பட்ட பணிக்குப் புள்ளி கோர மட்டுமே குறைந்தது முப்பது நாள் கொடுக்க வேண்டும். நான் இரண்டு முறை இதைச் செய்திருக்கிறேன். புதிய ஆள் மண்வெட்டி எடுக்க ஒருமுறை பதினாறு மாதம், இன்னொரு முறை இருபத்திரண்டு மாதம் ஆயிற்று. வந்தவரும் மண்ணுக்குள் இருக்கும் பழைய குழாய்க்குப் பொறுப்பேற்க மறுத்தார், ஒவ்வொரு கசிவுக்கும் அது யார் போட்ட இணைப்பு என்று தகராறு. சிக்கி நிற்கும் துண்டு வேலையை மட்டும் ஒப்பந்ததாரரின் பொறுப்பிலும் செலவிலும் பிரித்து வேறொருவரிடம் கொடுக்க ஒப்பந்தங்களில் பிரிவு இருக்கும், அதைப் பயன்படுத்தச் சொல்லி வலியுறுத்துங்கள்.

குழாயும் தொட்டியும் முடிந்து தண்ணீர் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் நிற்பது மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: ரயில் பாதையையோ சாலையையோ குழாய் கடக்கும் ஏதோ ஒரு பகுதி, நீரேற்று நிலையத்துக்கு உயரழுத்த மின் இணைப்பு, அல்லது குழாயின் நீரழுத்தச் சோதனை. மின் இணைப்பு என்றால் விண்ணப்பம் பெரும்பாலும் துறையின் பெயரில் இருக்கும், வைப்புத்தொகையும் துறைதான் கட்ட வேண்டும், ஒப்பந்ததாரர் யாராக இருந்தாலும் அது நகராது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், நீரேற்று நிலைய மின் இணைப்புக்கு விண்ணப்பித்த நாளும் பணம் கட்டிய நாளும் எவை என்று இந்த வாரமே கேட்டு மனுப்போடுங்கள்.